மூன்று விரல் மருதாணி

ராமாமணியின் காதைப் பற்றிக் கோயமுத்தூர் தொலைபேசி நிலையத்தில் ஒரு பேச்சு உண்டு. மறுமுனையில் ஆள் பேசவே வேண்டாம், மூச்சு விட்டால் போதும்; அவர் காலையில் குடித்தது கம்மங்கூழா, காப்பியா, கூழுக்குக் கடித்துக்கொண்டது பச்சை மிளகாயா, வெங்காயமா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். இதில் மிளகாய் வரைக்கும் உண்மை. வெங்காயம் கொஞ்சம் கூடுதல்.

இருபது வயதில் டிரங்க் கால் மேசையில் உட்கார்ந்தவள் அவள். காதில் கருவி, எதிரே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகப் பலகை, ஊரையும் ஊரையும் முடிச்சுப் போடக் கைநிறையக் கயிறுகள். அந்த மேசை அவளுக்கு ஒரு வித்தையைக் கற்றுக் கொடுத்தது. கால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் ஊரையும் நம்பரையும் லேசில் சொல்லமாட்டார்கள். "எந்த ஊருங்க?" என்றால், "அது எதுக்கு உனக்கு அம்மணி?" என்று முறுக்கிக்கொள்வார்கள். கேள்வி என்று வந்துவிட்டால் மனிதன் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஆகவே ராமாமணி கேட்கவே மாட்டாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள்.

"சரிங்க, பொள்ளாச்சி நாப்பத்திரண்டுங்களா?"

"பொள்ளாச்சியா? எவன் சொன்னான்? உடுமலை எழுபத்தொண்ணு!" என்று மறுமுனை சீறிக்கொண்டு வரும்.

தப்பைக் காதில் வாங்கிவிட்டுச் சும்மா இருக்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அப்படியே பிறந்தாலும் கொங்கு நாட்டில் பிறக்கமாட்டான்.

அவளுக்கு வங்கி வேலையும் கிடைத்தது. வேண்டாம் என்றாள். கல்யாணம் பேசினார்கள். அதையும் வேண்டாம் என்றாள். டிரங்க் மேசையில் மட்டும் பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொண்டாள். பம்பாயிலிருந்து வருகிற கால் எதையும் பக்கத்து மேசைக்காரிக்கு விட்டுத் தரமாட்டாள். "பம்பாய்ல உனக்கு மாப்பிள்ளை இருக்கானாடி?" என்று தோழிகள் வாரினார்கள். மாப்பிள்ளை இல்லை. அக்கா இருந்தாள். இருந்தாளா என்பதுதான் கேள்வி.

ஒருமுறை பம்பாயிலிருந்து அவிநாசிக்கு ஒரு பெண் கால் கேட்டாள். வெற்றிலை போட்ட குரல். தெலுங்கு கலந்த தமிழ். ராமாமணி விதியை மீறினாள். "அக்கா?" என்றாள். மறுமுனையில் கொஞ்சம் யோசனை. பிறகு, "ராங் நம்பருங்க," என்று வைத்துவிட்டாள் அந்தப் பெண். அன்றைக்கு ராமாமணி யாருக்கும் இணைப்புக் கொடுக்கவில்லை. நீலகிரி முழுக்க இரண்டு மணி நேரம் ஊமையாகிப் போனது என்பார்கள்.

அக்காவின் பெயர் பங்காரம்மா. வீட்டில் பங்காரு. அவிநாசிக்கு வடக்கே, அரங்கசாமி நாயுடு தோட்டத்தின் மூத்த பெண். பத்தொன்பது வயது. மோட்டார் அறைக் கூரையிலிருந்து எண்பதடிக் கிணற்றுக்குள் தலைகீழாகக் குதிப்பாள். ஒருநாள் கையில் மோர்ச் சொம்போடு குதித்து, மோர் சிந்தாமல் மேலே வந்தாள் என்று தோட்டத்தில் சொல்வார்கள். சொம்பில் மோர் இருந்ததா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. ஆனால் குதித்ததை எல்லோரும் பார்த்தார்கள். டிராக்டர் ஓட்டுவாள். நல்லபாம்பைக் கொம்பில் தூக்கி வேலிக்கு அப்பால் போட்டு, "போய்ட்டு வாங்க" என்று மரியாதையாக வழியனுப்புவாள். அப்பாவுக்கு மட்டும்தான் அவளைக் கண்டு பயம். பயந்த மனிதர்கள்தான் அதிகம் அதட்டுவார்கள், அவரும் அதட்டினார்.

பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் மகன் அங்கப்பன். இரண்டு குடும்பமும் ஒரே வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். மாடு தொலைந்தால் சேர்ந்து தேடுவார்கள், இழவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். பெண் கொடுத்து வாங்குவது என்றால் மட்டும் இரண்டு பக்கத்திலும் அரிவாள் தன்னால் ஆணியை விட்டு இறங்கும். தண்ணீர் முறை மாறுகிற மதகுக்குப் பக்கத்தில்தான் பங்காருவும் அங்கப்பனும் பேசிக்கொண்டார்கள். பதினொரு வயது ராமாமணிதான் காவல்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம். ராமாமணி அம்மியில் மருதாணி அரைத்துக்கொண்டு வந்து அக்காவின் இடது கையைப் பிடித்தாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று விரலுக்கும் தொப்பி மாதிரி வைத்து முடித்தபோது பங்காரு கையை இழுத்துக்கொண்டாள்.

"போதும் கண்ணு. மிச்சத்த வந்து வெச்சுக்கறேன்."

"எங்கிருந்து வந்து?"

பங்காரு குனிந்து தங்கையின் காதில் சொன்னாள். வீட்டில் பேரூர் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கிறது, போகப்போவது கொடுமுடிக்கு. அங்கே அங்கப்பன் காத்திருப்பான். பரிசலில் காவிரியைத் தாண்டிவிட்டால் அந்தக் கரையிலிருந்து சேலம், அப்புறம் பம்பாய். "யாருகிட்டயும் சொல்லிறாத, என்ன?" ராமாமணி மருதாணிக் கையால் வாயைப் பொத்திக் காட்டினாள். மறுநாள் முழுக்க அவள் உதடு சிவந்திருந்தது.

மறுநாளைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று. அப்பா ஒரு கன்னத்தில் சவர நுரையும் ஒரு கன்னத்தில் வெறும் தோலுமாக அவிநாசி ரோட்டைப் பார்த்து வேகவேகமாக நடந்து போனார். இஸ்திரி போடாத துண்டைக்கூடத் தோளில் போடாத மனிதர். அவர் ஏன் அப்படிப் போனார் என்று அவளுக்கு வெகுகாலம் விளங்கவில்லை. அந்த நுரை மட்டும் கண்ணிலேயே நின்றுவிட்டது.

மூன்று நாள் கழித்து அப்பாவும் அண்ணன் பாலகோபாலும் மொட்டைத் தலையோடு திரும்பினார்கள். சிநேகிதிகளோடு ஆடிப்பெருக்குக்குக் குளிக்கப் போன பெண் படித்துறையில் வழுக்கிப் போய்விட்டாள், காவிரி உடம்பைத் தரவில்லை, காரியத்தைக் கொடுமுடியிலேயே முடித்துவிட்டோம் என்றார் அப்பா. அம்மா அதற்கப்புறம் ஒரு வருஷம்தான் இருந்தாள். அங்கப்பன் வீட்டில், பையன் வேலைக்குப் பம்பாய் போயிருக்கிறான் என்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் பெண் ஓடிப்போய்விட்டால், அவள் எங்கேயோ சோறாக்கிக்கொண்டிருக்கும்போதே, இங்கே எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தலைமுழுகிவிடுகிற குடும்பங்கள் உண்டு. மொட்டையும் உண்டு, பிண்டமும் உண்டு, அழுகையும் நிஜம். ஆகவே காரியம் செய்தார்கள் என்பதற்காக ஒருத்தி செத்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. உடம்பு கிடைக்கவில்லை, அங்கப்பன் பம்பாயில் இருக்கிறான். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பதினொரு வயதுக் குழந்தைக்குத் தெரியாதா? பங்காரு தாண்டிவிட்டாள் என்று ராமாமணி முடிவு செய்தாள். அந்த முடிவை வைத்துக்கொண்டே ஐம்பது வருஷம் உயிரோடு இருந்தாள்.

பாலகோபால் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் கொடுமுடி போய் எள்ளுத் தண்ணீர் விடுவார். "நீயும் வா மணி," என்பார். "வரலீங்ணா," என்பாள் அவள். உயிரோடு இருக்கிறவளுக்கு எள் இறைத்தால் அது சாபம் அல்லவா? அக்கா தாண்டினாளா, போய்விட்டாளா என்று அண்ணனிடம் மூன்று தடவை நேராகக் கேட்டிருக்கிறாள். அம்மா செத்தபோது ஒருதரம், அப்பா செத்தபோது ஒருதரம், டிரங்க் மேசையை மூடிக் கயிறுகளைச் சுருட்டிக் கட்டிய அன்று ஒருதரம். மூன்று தடவையும் ஒரே பதில்: "நான் ஈரோட்ல மஞ்ச மண்டில இருந்தேன் மணி. மூட்டையோட ரெண்டு நாளா அங்கதான் கெடந்தேன். எனக்கென்ன தெரியும்?"

அது ஒருவகையில் உண்மைதான். பங்காரு மருதாணி வைத்துக்கொண்ட சாயங்காலம் அவர் வீட்டில் இல்லை.

ராமாமணி ஓய்வு பெற்றுச் சிங்காநல்லூரில் ஒற்றை ஆளாக இருந்தாள். பேச்சைக் கேட்டுக் கேட்டே வாழ்ந்தவளுக்கு வீட்டின் அமைதி காதைக் குடைந்தது. செல்பேசியில் கதை எழுதுகிற செயலி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு புனைபெயரில் யார் வேண்டுமானாலும் தொடர் எழுதலாம். நாலாயிரம் பேர் படிப்பார்கள், நட்சத்திரம் போடுவார்கள், திட்டுவார்கள். 'நொய்யல் நிலா' என்று பெயர் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் எழுத ஆரம்பித்தாள். மைசூர்ப் படை கொங்கு வழியாக இறங்கிய காலத்துக் கதை. நாயகி தேனரசி, ஒரு பாளையத் தலைவரின் மகள். கோட்டைச் சுவரிலிருந்து அகழிக்குள் தலைகீழாகக் குதிப்பாள். புலியிடம் "போய்ட்டு வாங்க" என்பாள். எதிரிப் பாளையத்து ஒற்றன் அதிரன் மேல் அவளுக்குக் காதல். எந்த அத்தியாயத்தில் எவன் ஈட்டியோடு எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறான் என்று தெரியாமல் ஈரோட்டுப் பெண்கள் தோசையைக் கருகவிட்டார்கள்.

தேனரசி எங்கே போய்ச் சேருவாள் என்று எழுதுகிறவளுக்கும் தெரியாது.

நாலாயிரம் பேரில் ஒருவர் பாலகோபால்.

அவருக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. தோட்டத்து வீட்டில் சும்மா கிடக்கிறாரே என்று பேத்தி பூஜிதா அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, எழுத்தைப் படித்துக் காட்டும் இயந்திரக் குரலையும் முடுக்கிவிட்டுப் பெங்களூர் போய்விட்டாள். "உன் விழிகளில் என் உயிரைக் கண்டேன்" என்பதையும் "அடுத்த நிறுத்தம் காந்திபுரம்" என்கிற தொனியில் சொல்லும் குரல் அது. முதல் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுத் தங்கைக்குத்தான் போன் செய்தார்.

"மணி, நொய்யல் நிலான்னு ஒருத்தி எழுதறா. நல்லாத்தான் எழுதறா. ஆனா அறிவு கெடையாது."

"அப்படிங்களா?" ராமாமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "என்ன தப்பு பண்ணுனாளுங்?"

"கவலை ஓட்டற மாடு கெணத்தச் சுத்திச் சுத்தி வருதாம்! செக்கா அது?"

ராமாமணி பிறக்கும்போதே தோட்டத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. மாடு கட்டித் தோல்பையில் தண்ணீர் இறைத்ததை அவள் கண்டாளா என்ன? ஆனால் பாலகோபால் நாற்பது வருஷம் பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர். ரோட்டில் போகும்போதே எவன் தோட்டத்து மோட்டாரிலோ பேரிங் தேய்ந்த சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டு வேலி தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவர். கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் உப்பு ஒரு கல் கூடுதல் என்பார். அது ஒரு கல்லாகவே இருக்கும். பேசினால் எழுத்தாக மாறும் வசதியைப் பூஜிதா காட்டிக் கொடுத்ததோடு ஆசிரியருக்கு வாராவாரம் ஒரு கருத்து வர ஆரம்பித்தது. 'கவலை மாடு செக்கு மாடு அல்ல. முன்னால் இறங்கும், பின்னால் ஏறும். ஆசிரியர் கிணற்றைக் கண்டதில்லை. மூன்று நட்சத்திரம்.' 'மஞ்சளை வேகவைக்காமல் காயப்போட முடியாது. மூன்று நட்சத்திரம்.' 'அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெயில் அவ்வளவு பெரிய தீவட்டி எரிக்கமாட்டார்கள். மூன்று நட்சத்திரம்.' ராமாமணிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சனிக்கிழமை காலையில் அவர் போன் செய்து தன்னையே தன்னிடம் திட்டுவதைக் கேட்பது, வேலையை விட்ட பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே கேளிக்கை.

நாற்பதாவது அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது.

தேனரசியும் அதிரனும் தப்பித்து ஓடுகிற இடம். ஆற்றில் பெருக்கு. எய்த அம்பு மாதிரி பரிசல் நேராக அக்கரைக்குப் பாய்ந்தது என்று எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கருத்து வந்தது. 'பெருக்கில் பரிசல் நேராகப் போகாது. கரையோரமாக மேலே இழுத்துக்கொண்டு போய்த்தான் விடுவார்கள். அவசரப்பட்டு விட்டால் கரையிலிருந்து பத்தடியில் சுழல் பிடித்துக் கவிழ்க்கும்.' நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

கிணற்றுப் பாசனக்காரர். வருஷத்துக்கு ஒருநாள் கொடுமுடி போய்ப் படித்துறையில் நின்று எள் இறைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறவர். பரிசலில் கால் வைத்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இவருக்குப் பத்தடி என்று யார் அளந்து சொன்னது?

ராமாமணி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டுவிடலாமா என்று மூன்று தரம் போனை எடுத்தாள். கேட்டால் மஞ்சள் மண்டி வரும். மறுபடி மேசையில் உட்கார்ந்த மாதிரி முதுகை நிமிர்த்தினாள். கேட்கக் கூடாது. தப்பாகச் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தை அவள் தனக்குத் தானே மறைக்கவில்லை. வீசப்போகிற தூண்டிலில் ஒன்றும் மாட்டாவிட்டால் பங்காரு பம்பாயில் இருப்பாள். எழுபது வயதுக் கிழவியாக, முட்டி வலியோடு, பேரன் பேத்தியை அதட்டிக்கொண்டு. மாட்டினால், இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பரிசலைக் கரைக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். அதிரனைத் தண்ணீர் கொண்டுபோனது. கரையில் தேனரசியின் அண்ணன் நின்றிருந்தான். 'முழங்கை வரை மருதாணி சிவந்த இரு கைகளையும் நீட்டி, "அண்ணா! அண்ணா!" என்று ஆறு அதிர அலறினாள் தேனரசி' என்று எழுதி அத்தியாயத்தை முடித்தாள்.

வாசகிகள் ஒப்பாரி வைத்தார்கள். தேனரசியைக் கொன்றால் செயலியையே நீக்கிவிடுவோம் என்றார்கள். பாலகோபாலிடமிருந்து கருத்து வரவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"மணி, அந்தக் கதையப் படிச்சயா?"

"படிச்சேனுங்ணா. இந்த வாரம் என்ன? பரிசல்ல பேரிங் போயிருச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "சுத்தத் தப்பு. தண்ணில போறவ கத்தமாட்டா."

"சினிமால எல்லாம் கத்தறாங்களேங்."

"சினிமாக்காரன் கண்டான். வாய்க்குள்ள தண்ணி போறப்ப சத்தம் எங்கிருந்து வரும்? பேசாம பாப்பா. அவ்வளவுதான். பாத்துட்டே கைய நீட்டுவா."

ராமாமணி கண்ணை மூடிக்கொண்டாள். குரலை மட்டும் டிரங்க் மேசைக் குரலாக, யாருக்கோ எந்த ஊருக்கோ இணைப்புக் கொடுக்கிற குரலாக வைத்துக்கொண்டாள்.

"அது சரிங்ணா. ஆனா ரெண்டு கைலயும் முழங்கை வரைக்கும் மருதாணி. அந்தக் கைய நீட்டறாளே, அது நல்லாத்தான இருந்துச்சு?"

"முழங்கை வரைக்கும் எங்க இருந்துச்சு? எடது கைல மூணு வெரலு. மிச்ச ரெண்டும் வெறும் வெரலு."

சொல்லி முடித்தவுடன் அவருடைய மூச்சு நின்றது.

முப்பது வருஷம் மௌனங்களைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ராமாமணி. லைன் அறுந்த மௌனம், பக்கத்தில் யாரோ வந்துவிட்ட மௌனம், சாவுச் செய்தி கேட்டவரின் மௌனம் எல்லாம் அவளுக்குத் தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை. ஐம்பது வருஷமாக உள்ளங்கையில் மூடிவைத்திருந்ததைத் தானே கீழே போட்டுவிட்டு, அது உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனின் மௌனம். அவள் அவசரப்படவில்லை. எங்கோ தோட்டத்தில் மயில் கத்தியது. அது கத்தி முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"ஆமாங்ணா," என்றாள். "மூணு வெரல்தான். நாந்தான் வெச்சு உட்டேன். நீங்க அன்னிக்கு ஈரோட்ல இருந்தீங்."

"நொய்யல் நிலா நீயா மணி?"

"ஆமாங்."

"சிலநாள் அப்படித்தான் தோணுச்சு," என்றார் அவர். "புலிகிட்ட போய்ட்டு வாங்கன்னு வேற எவ சொல்லுவா?"

பிறகு அவராகவே சொன்னார். மண்டிக்கு அப்பாவிடமிருந்து டிரங்க் கால் வந்தது. 'உடனே கொடுமுடிக்குப் போ. கூட்டிட்டு வா, இல்லீன்னா இல்லாமப் பண்ணிட்டு வா.' மண்டிக்காரரின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கோயில் படித்துறையில் கூட்டம். அதற்கு மேற்கே, நாணல் மண்டிய இடத்தில், பரிசல்காரன் இல்லாமல் அவர்களே பரிசலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே இழுத்துக்கொண்டு போக நேரமில்லை. அண்ணன் ஓடி வருவதைப் பங்காரு பார்த்துவிட்டாள்.

"பத்தடி," என்றார். "அதுக்குள்ள சுத்திக் கவுத்துருச்சு. அவன் மொதல்லயே போய்ட்டான். இவ நாணலப் புடிச்சுட்டா. நீதான் பாத்திருக்கியே, கெணத்துல எப்படி நீந்துவா. கைய நீட்டுனா. எட்டற தூரந்தான்."

"நீங்க தள்ளுனீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கைய குடுக்கல."

மயில் மறுபடி கத்தியது.

"நாயினா சொன்னதுல ரெண்டுல ஒண்ணக்கூட நான் செய்யல மணி. கூட்டிட்டும் வரல, இல்லாமயும் பண்ணல. சும்மா நின்னேன். பத்து எண்ற நேரம் இருக்கும். அந்த மூணு வெரலையே பாத்துட்டு நின்னேன். நாணல் வேரோட வந்துருச்சு."

ராமாமணிக்கு அழுகை வரவில்லை. பம்பாயில் ஒரு சமையலறை இருந்தது, அதில் ஐம்பது வருஷமாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அது அணைந்தது. அதில் உட்கார்ந்திருந்த கிழவி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எங்கோ போய்விட்டாள். அங்கப்பன் வீட்டுக்காரர்களும் தங்கள் பங்குக்கு ஒரு பம்பாயைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள் போலும்.

பாக்கி இருந்தது ஒரே கேள்வி. தூண்டில் போடாமல் நேராகவே கேட்டாள்.

"கொடுமுடின்னு நாயினாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஊட்டுல பேரூர்னுதான சொல்லிட்டுப் போனா?"

"அத உடு மணி," என்றார். "அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்ணா."

"உனக்கு ஞாபகமே இல்லியா?"

"என்னது?"

"நாயினா என்கிட்ட ஒரே ஒருதரம் சொன்னாரு. சாகறதுக்கு முந்தின வாரம். காலைல செரைச்சுட்டு இருந்தாராம். நீ பக்கத்துல வெளையாடிட்டு இருந்தியாம். கண்ணாடியப் பாத்துட்டே சும்மா கேட்டாராம், 'அக்கா பவானி கூடுதுறைக்குத்தான போயிருக்கா?'ன்னு. நீ சொன்னியாம்..."

"இல்லீங் நாயினா," என்றாள் ராமாமணி. "கொடுமுடிக்கு."

பதினொரு வயதுக் குரலில் வந்தது அது. அவள் சொல்லவில்லை, அதுவாக வந்தது. ரசம் போன கண்ணாடி வந்தது, சோப்பு வாசனை வந்தது, சிரைத்த பாதியும் சிரைக்காத பாதியுமாக முகம் திரும்பியது. டிரங்க் மேசையில் தான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த வித்தை, அதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே தன்மேல் பிரயோகமாகியிருந்தது. தப்பைக் கேட்டுவிட்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

"மணி? இருக்கியா?"

"இருக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த வாரம் அவள் தனியாகக் கொடுமுடி போனாள். அமாவாசைகூட இல்லை. பங்காரம்மா பெயருக்கு ஒரு பிண்டம், அங்கப்பன் பெயருக்கு ஒரு பிண்டம். "இவரு உங்களுக்கு என்ன வேணுங்க?" என்று புரோகிதர் கேட்டதற்கு, "அக்கா வீட்டுக்காரருங்," என்றாள். எள்ளை இறைத்தபோது கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீர் சாதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாலேயே அளந்து பார்த்தாள். பத்தடிதான். அண்ணன் அளவில் தப்பு வராது.

திரும்பி வந்து கடைசி அத்தியாயத்தை எழுதினாள். வழக்கமாக மூன்று நாள் ஆகும். இதை ஒரே பகலில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முடித்தாள். முந்தின அத்தியாயத்தின் முடிவையும் அழித்துத் திருத்தினாள். அலறல் போனது. முழங்கை மருதாணி போனது. மூன்று விரல் வந்தது. அண்ணன் நின்றான். நாணல் வேரோடு வந்தது. நாற்பத்தோரு அத்தியாயம் வரை இல்லாத ஒரு புதுப் பாத்திரமும் வந்தது: தேனரசியின் குட்டித் தங்கை. பாளையத் தலைவருக்கு நாவிதர் முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். தலைவர் கண்ணாடியைப் பார்த்தபடி ஓர் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்கிறார். உதடு சிவந்த அந்தக் குழந்தை, விளையாட்டுக் கல்லைக் கீழே வைக்காமலே, திருத்துகிறது. அதோடு கதை முடிந்தது.

வாசகிகள் பொரிந்து தள்ளினார்கள். இதற்காகவா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காத்திருந்தோம் என்றார்கள். கல்நெஞ்சக்காரி என்றார்கள். அந்தத் தங்கச்சிப் பிசாசு எங்கிருந்து வந்து குதித்தது, அதன் நாக்கில் சூடு வைக்க வேண்டும் என்று ஒருத்தி எழுதினாள். அதற்கு மட்டும் ராமாமணி ஒரு இதயக் குறி போட்டாள்.

சாயங்காலம் பாலகோபாலின் கருத்து வந்தது. முதன்முறையாக ஐந்து நட்சத்திரம்.

'பரிசல் சரி. நாணல் சரி. மூன்று விரல் சரி. அண்ணனைப் பற்றி எழுதியது எல்லாம் சரி. ஒரே ஒரு தவறு. அந்தச் சின்னப் பெண் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. வேறு யாரோ சொன்னார்கள்.'

ராமாமணி அதை மறுபடி மறுபடி படித்தாள். உப்பு ஒரு கல் கூடினால் பொறுக்காத மனிதர். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் ஈரோட்டு மஞ்சள் மண்டி. இது இரண்டாவது. முதல் பொய்யைத் தனக்காகச் சொன்னார். இதை நாலாயிரம் பேர் பார்க்கிற இடத்தில், தன் பெயரைப் போட்டு, அவளுக்காகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தராத கையை இப்போது நீட்டுகிறார். எட்டுகிற தூரம்தான். சும்மா பிடித்துக்கொள்ளலாம். இனி அதைத் திருத்தக்கூடிய ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

வாசலில் தண்ணீர் லாரி வந்து மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி, "ஏனுங்க்கா, தண்ணி புடிக்கலீங்களா?" என்று கூப்பிட்டாள். "வாரேன்," என்றாள் ராமாமணி. ஆனால் எழுந்திருக்கவில்லை. அண்ணனின் கருத்துக்குக் கீழே விரலை வைத்தாள். ஒரே ஒரு சொல்லைத் தட்டினாள். இரண்டு தரம் சரிபார்த்தாள். அனுப்பினாள்.

'சொன்னாள்.'